எங்கள் வீட்டு இரண்டு பக்கமும் பக்கிங்ஹாம் கால்வாயும்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போக வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர் தினமும் அந்தப் பயணத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் விழுகிறது. அங்கிருந்து மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பரில் அந்த வழி எது என்பதைச் சென்னை முழுவதும் தெரிந்துகொண்டது. கோட்டூர்புரம் தாண்டியதும், முகத்துவாரத்துக்கு முன்னால், அடையாற்றை ஒரு கால்வாய் வடக்கு தெற்காகக் குறுக்கே கடக்கிறது. இன்றைக்கு அதைப் பார்க்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய்.

அதைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணம் உண்டு. என் அம்மா வழியார் சதுரங்கப்பட்டினத்துக்காரர்கள், அந்தக் கால்வாயில் படகில் போய்த்தான் உறவு பார்த்தார்கள். என் அப்பா வழியார் இங்கே பக்கத்தில் மணிமங்கலம். அவர்கள் அந்தக் கால்வாயில் படகேறியதே இல்லை, ஆனால் அதில் ஒரு பகுதியை வெட்டியவர்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

முதலில், கடலை ஒட்டியே கடல் போன்ற ஒரு கால்வாய் எதற்கு என்று கேட்கலாம். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் அதுவும் நடக்காது. அதே சமயம், கரைக்குச் சற்று உள்ளே போனால் பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழிமுகம், முட்டுக்காடு, பாலாற்று முகத்துவாரம், செய்யூர்ப் பக்கத்துக் கழிவெளி, மரக்காணம் என்று அமைதியான உப்புநீர்ப் பரப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. நடுவில் உள்ள மணல்மேடுகளை வெட்டி இவற்றை ஒன்றோடொன்று கோத்துவிட்டால் புயலுக்கும் அலைக்கும் பயமில்லாத ஒரு நீர்வழி கிடைக்கும். யோசனை அவ்வளவுதான். கடலின் ஏற்றவற்றம் முகத்துவாரங்கள் வழியாக உள்ளே வருவதால் கால்வாய்க்குத் தனியாகத் தண்ணீர் விடவும் வேண்டியதில்லை.

முதலில் வெட்டியது அரசாங்கம் அல்ல, பேசில் காக்ரேன் என்ற வியாபாரி. கடற்படைக்கு உணவுப் பொருள் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பெரும் பணம் சேர்த்தவர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் கால்வாய் 1806இல் முடிந்தது. போகிற படகுகளிடம் சுங்கம் வாங்கிக்கொண்டார். அப்போது அதன் பெயர் காக்ரேன் கால்வாய். இந்த மனிதரைப் பற்றி ஒரு கிளைக்கதை. சம்பாதித்துக்கொண்டு லண்டன் போனவர் அங்கே நீராவிக் குளியல் நிலையம் ஒன்று நடத்தினார். பாட்னாவிலிருந்து போன சேக் தீன் மஹ்மூத் அவரிடம் அங்கே வேலை பார்த்தார். அந்த தீன் மஹ்மூத்தான் 1810இல் லண்டனின் முதல் இந்திய உணவு விடுதியைத் திறந்தவர், பிறகு வெள்ளைக்காரர்களுக்குத் தலை, உடம்பு பிடித்துவிட்டு 'ஷாம்பூ' என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர். எண்ணூர் உப்புப் படகின் சுங்கக் காசு எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

பிறகு கம்பெனி அரசாங்கமே கால்வாயை எடுத்துக்கொண்டு, வடக்கே பழவேற்காடு தாண்டியும் தெற்கே மரக்காணம் வரையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியது. அதே காலத்தில் ஆந்திரத்தில் சர் ஆர்தர் காட்டன் கோதாவரியில் அணை கட்டி, பாசனக் கால்வாய்களையே படகு போகும் அளவுக்கு வெட்டவைத்தார். ரயிலைவிடப் படகே இந்தியாவுக்கு ஏற்றது என்று கடைசிவரை வாதாடிய மனுஷர். கிருஷ்ணா டெல்டாவின் கொம்மமூரு கால்வாய் பெத்தகஞ்சம் என்ற இடத்தில் நம் கால்வாயோடு சேர்ந்தது. ஆக, காக்கிநாடாவில் ஏறினால் மரக்காணத்தில் இறங்கலாம், ஏறத்தாழ 800 கிலோமீட்டர். இதில் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரையிலான சுமார் 420 கிலோமீட்டர்தான் பக்கிங்ஹாம் கால்வாய்.

ஆனால் வடபாதியும் தென்பாதியும் ரொம்ப நாள் ஒன்றுசேரவில்லை. சென்னை நகரத்துக்கு உள்ளேயே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் 8 கிலோமீட்டர் வெட்டப்படாமல் கிடந்தது. அதை வெட்டியது தாது வருஷப் பஞ்சம்.

தாது வருஷம் என்றால் 1876–77. நம் பாட்டிமார்கள் 'தாது வருஷத்துல பொறந்தவ' என்று யாரையாவது வைவதைக் கேட்டிருப்பீர்கள். பசி அடங்காத ஆள் என்று அர்த்தம். தென்மேற்கும் வடகிழக்கும் பொய்த்தன. அடுத்த வருஷமும் அதே கதை. சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேர் செத்தார்கள். செங்கல்பட்டு ஜில்லா ஏரிப்பாசன ஜில்லா. ஏரி காய்ந்தால் அடுத்த வழி கிடையாது. ஊர் ஊராக ஜனங்கள் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை 1877 தொடக்கத்தில் சென்னைக்கு அனுப்பிவைத்தார். செலவைக் குறைக்க வந்தவர் அவர். நிவாரண வேலை செய்கிற ஆண் ஆளுக்கு ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. முன்பு ஒன்றரை ராத்தல் கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்ததை வெட்டித்தான் இந்த ஏற்பாடு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், மண் வெட்டுகிறவன் இதைத் தின்று உயிரோடு இருக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிச் சண்டை போட்டார். அவர் போட்ட சண்டையில்தான் சில மாதம் கழித்துக் கூலி ஓரளவு கூடியது. மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி இதையெல்லாம் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதிவைத்திருக்கிறார். அதைக் கொஞ்சம் வாசித்தாலே அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட நிவாரண வேலையாகத்தான் 1877–78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி என்று இன்று நாம் பறக்கும் ரயிலில் போகும் அதே தடம்தான். அப்போது மாகாண ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன். 1875 முதல் 1880 வரை இருந்தார். முழுக் கால்வாய்க்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

என் அப்பாவின் ஆயா, அதாவது அப்பாவுக்கு அப்பாவின் தாய், அந்த வேலையில் மண்கூடை சுமந்தவர். அப்போது அவருக்கு எட்டு ஒன்பது வயது. மணிமங்கலத்திலிருந்து அப்பா, அம்மா, இவர், ஒரு தம்பி, நாலு பேரும் நடந்தே பட்டணம் போயிருக்கிறார்கள். மயிலாப்பூர் ஓரம் எங்கேயோ வேலை. அவருடைய அப்பா வெட்டுவார், அம்மாவும் இவரும் சுமப்பார்கள், தம்பியை வேலை செய்யாதவர்கள் பக்கம் உட்காரவைத்திருப்பார்களாம். திரும்பி வந்தது அப்பாவும் மகளும் மட்டும். இதை அந்த ஆயாவே தன் வாயால் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பு அவர் காலமாகிவிட்டார். அப்பாவிடமிருந்து நான் கேட்டது இரண்டே விஷயம்தான். ஒன்று, ஆழமாக வெட்ட வெட்ட அடியில் உப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், காலெல்லாம் புண்ணாகும். இரண்டாவது, சாயங்காலம் தானியம் அளக்கிற ஆள் படியைத் தட்டித்தான் அளப்பான், குவித்து அளக்கமாட்டான். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, எழுபது தாண்டி வாழ்ந்தும் அவர் படியில் அரிசி அளக்கும்போது குவித்துத்தான் போடுவாராம். யாருக்குப் போட்டாலும் அப்படித்தான்.

இனி அம்மா பக்கம் வருகிறேன். அது சந்தோஷமான பக்கம்.

சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர்களின் பழைய கோட்டை இருக்கும் ஊர். சட்ராஸ் என்று அவர்கள் வாயில் வந்ததால் இன்றும் பலர் அப்படியே சொல்கிறார்கள். வடக்கே பழவேற்காடும் டச்சுக்காரர்களின் ஊர்தான், அவர்களுடைய சோழமண்டல வியாபாரத்துக்கு அதுவே தலைமையிடமாக இருந்தது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் சாலை வழியாகப் போனால் 130 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனால் அம்மாவின் சொந்த அத்தையைப் பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, கோவளத்தில். அவர் வீட்டுக்காரர் உப்பளத்தில் கணக்கு எழுதினார். சித்தி மயிலாப்பூரில். தாத்தாவோடு பிறந்தவர் ஒருவர் மரக்காணத்தில். உறவுக்காரர்கள் இருந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துச் சேர்த்தால் கால்வாய்தான் வரும். மேற்கே செங்கல்பட்டு 30 கிலோமீட்டர்தான், அங்கே ஒரு சம்பந்தம்கூடக் கிடையாது! பெண் கொடுப்பவர்கள் 'போய்ப் பார்த்துட்டு வர முடியுமா' என்றுதான் யோசிப்பார்கள். படகு போகும் ஊர் என்றால் முடியும்.

கால்வாய்ப் படகு ஆட்களுக்கென்று ஓடியதைவிடச் சரக்குக்கென்று ஓடியதுதான் அதிகம். ஆட்கள் சரக்கின் மேல் உட்கார்ந்து போவார்கள். தெற்கிலிருந்து சவுக்கு விறகும் உப்பும் வடக்கே போகும். ரயில் எஞ்சினுக்கு எரிக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் கடற்கரை மணலில் சவுக்கை வைத்துப் பெருக்கினார்கள். எஞ்சின் நிலக்கரிக்கு மாறிய பிறகு சென்னைச் சமையலறைகள் அந்தச் சவுக்கை எரித்தன. வடக்கிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு, பழவேற்காட்டுக் கிளிஞ்சல், நெல்லூர் நெல், மீன். கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு. சென்னையின் பழைய வீடுகள் எல்லாம் அந்தச் சுண்ணாம்பில் நின்றவை. உப்பு வந்து இறங்கிய இடம் சால்ட் கோட்டர்ஸ். 'கொட்டாரம்' என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் கோட்டர்ஸ் ஆகிவிட்டது. பக்கத்திலிருக்கும் பேசின் பிரிட்ஜ் என்பதில் உள்ள பேசின், படகுகள் ஒதுங்கி நிற்பதற்காக அகலமாக வெட்டிய குளம். அந்த ஸ்டேஷனில் ரயில் சிக்னலுக்காக மணிக்கணக்கில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

1964 தை மாதம், பொங்கல் கழிந்து, பழவேற்காட்டு ஆயா வீட்டில் கல்யாணம். எனக்கு ஒன்பது வயது. மாமாவுக்குத் தெரிந்த விறகுப் படகில் சதுரங்கப்பட்டினத்தில் ஏறினோம். அடுக்கிய சவுக்குக் கட்டையின் மேல் கோணி, அதன்மேல் பாய். பின்பக்கம் மண் போட்டு அதன்மேல் ஓர் அடுப்பு. படகில் நாலு ஆள். இரண்டு பேர் கரைமேட்டில் நடந்தே கயிறு இழுப்பார்கள், ஒருவர் கழி ஊன்றுவார், ஒருவர் சுக்கான். காற்று சாதகமாக வந்தால் பாய் ஏற்றிவிட்டு இழுக்கிறவர்களும் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். பாலம் வரும்போது பாய்மரத்தைச் சாய்க்க வேண்டும். 'தலை, தலை' என்று குரல் கொடுத்தால் நாங்கள் படுத்துக்கொள்வோம்.

நான் பிற்பாடு 14 வருஷம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தவன். எடை என்றால் என்ன, அதை நகர்த்த எவ்வளவு டீசல் ஆகும் என்று தினமும் பார்த்தேன். ஒரு லாரி நிறைய விறகைக் கயிற்றைத் தோளில் போட்டு இரண்டு மனிதர்கள் இழுத்துக்கொண்டு போனதை இப்போது நினைத்தால்தான் நிற்கிற தண்ணீரின் சக்தி புரிகிறது. தரையில் அதே சுமைக்கு எத்தனை ஜோடி மாடு வேண்டும்! படகை அசைக்கத்தான் பலம் வேண்டும், அசைந்த பிறகு அது தானாக வருவதுபோல வரும். வேகம் மட்டும் மனிதன் நடக்கிற வேகம்தான். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

மாமல்லபுரத்தைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. இந்த வழியில்தான் 1934இல் பாரதிதாசன் முழுநிலா இரவில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் போனார். ஜீவா, குத்தூசி குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி வேங்கடசாமி எல்லாரும் கூட. 'மாவலிபுரச் செலவு' பாட்டு அந்தப் பயணத்தில் பிறந்தது. செலவு என்றால் பயணம், பணச் செலவு இல்லை. பாட்டைப் பிற்பாடு பள்ளியில் படித்தபோது 'இது நாங்க போன வழியாச்சே' என்று வகுப்பில் சொன்னேன், யாரும் நம்பவில்லை. எங்களுக்கு நிலா இல்லை, பனிதான் இருந்தது. கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு மாமாவின் போர்வைக்குள் படுத்தேன். தண்ணீர் படகின் பக்கத்தில் உரசுகிற சத்தமும், கரையில் இழுக்கிறவர்கள் பேசிக்கொண்டே நடக்கிற சத்தமும் மட்டும்.

கோவளம் வந்ததும் தண்ணீர் போதாமல் நின்றோம். ஏற்றம் வந்தால்தான் படகு கிளம்பும். பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு வர அதுவே நேரமாயிற்று. இப்படித் தண்ணீருக்காக நிற்கிற நேரம்தான் உறவு பார்க்கிற நேரம். படகுக்காரருக்கும் சேர்த்துப் பெரியம்மா இட்லி கட்டிக் கொடுத்தார். கேளம்பாக்கத்து உப்பளங்கள் காலை வெயிலில் பளபளத்தன. மயிலாப்பூரில் இறங்கும்போது இரண்டாவது ராத்திரி. துறையில் மலைமலையாக விறகு, அந்தச் சவுக்கு வாசனை. அங்கே சித்தியும் சேர்ந்துகொண்டார். நகரத்துக்குள் கால்வாய் அப்போதே சாக்கடையாகிக்கொண்டிருந்ததால் பேசின் பிரிட்ஜ் வரை பஸ்ஸில் போனோம். அங்கிருந்து விறகு இறக்கிவிட்டுத் திரும்புகிற காலிப் படகு. எண்ணூர் தாண்டிப் பழவேற்காடு ஏரிக்குள் நுழைந்ததும் கரையே தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் பூநாரைக் கூட்டம். கல்யாண வீட்டில் பாதிப் பேர் தெலுங்கு பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வடக்கே எங்கேயோ இருந்து, அவர்களும் படகில்தான் வந்தார்கள்.

அப்பா வந்தது பொன்னேரி வழியாக, பஸ்ஸில். செங்கல்பட்டுக்குப் போய், ரயிலில் சென்னைக்கு வந்து, மறுபடி ரயில், பிறகு பஸ். 'எங்களோட ஜாலியா வந்திருக்கலாமே' என்று மாமா கிண்டல் செய்தார். அப்பா சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார். அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: 'மயிலாப்பூர்க் கிட்ட வரும்போது நான் எங்கே பார்ப்பேன்? கீழ தண்ணியப் பார்க்கணும், இல்ல கரையப் பார்க்கணும். ரெண்டும் எங்க ஆயா வெட்டினது.' அவ்வளவுதான். அதன் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

படகுப் போக்குவரத்து நின்றதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. லாரி வந்தது, பஸ் வந்தது. ஏற்றுகிற இடத்திலேயே வந்து ஏற்றி, இறக்குகிற இடத்திலேயே கொண்டுபோய் இறக்குவதில் லாரியைப் படகு ஜெயிக்க முடியாது. 1960களின் நடுவில் வந்த புயல்கள் கரைகளை உடைத்து மணலைத் தள்ளின. 1966 புயலில் மெரினாவில் தரைதட்டி நின்ற ஸ்டமாட்டிஸ் கப்பல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கப்பலைப் பார்க்கக் கூட்டம் போனது. கால்வாயில் தூர்ந்த மணலைப் பார்க்க யாரும் போகவில்லை. தூர் வாராவிட்டால் இப்படிப்பட்ட நீர்வழி சில வருஷம்கூடத் தாங்காது. 1976 புயல் மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளமானது, காட்டு விறகு நின்றது. சமையலறைக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் பிறகு காஸும் வந்தன. சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட். படகில் ஏறுவதற்குச் சரக்கே இல்லாமல் போனது. சரக்கு நின்றதும், அதன் மேல் உட்கார்ந்து போன மனிதர்களின் வழியும் சேர்ந்து நின்றது. இதை மட்டும் எந்த அதிகாரியும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் அதன் விளைவு நன்றாகத் தெரிந்தது. பழவேற்காட்டு ஆயா 1971இல் இறந்தபோது தந்தி வந்து, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கடுத்த தலைமுறையில் அங்கே பெண் கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மரக்காணத்துக்காரர்கள் திண்டிவனம் பக்கம் சம்பந்தம் செய்துகொண்டார்கள், எங்கள் மாமா பிள்ளைகள் செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும். உறவுகள் எல்லாம் பஸ் ரூட்டுக்கு மாறிவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபோது இனி பழையபடி கரையோரமாகப் போய்வரலாம் என்று அம்மா ஆசைப்பட்டார். ஆனால் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் ஒருவரை ஒருவர் மறந்துவிட்டிருந்தார்கள்.

நகரத்துக்குள் இருந்த பகுதியை ரயில் எடுத்துக்கொண்டது. பறக்கும் ரயிலின் முதல் பகுதி 1995இல் ஓடத் தொடங்கி, 1997இல் மயிலாப்பூர் வரை வந்தது, 2007இல் வேளச்சேரி வரை. தூண்கள் கால்வாய்க்கு உள்ளேயே நிற்கின்றன. இது சரியா தவறா என்று இன்றும் சண்டை நடக்கிறது. என் அபிப்பிராயம், ரயில் வேண்டியதுதான், ஆனால் தண்ணீர் போகிற வழியில் தூண் வைத்ததற்கான விலையை ஒவ்வொரு மழையிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏனென்றால் பெயர்தான் படகுக் கால்வாய், இன்றைக்கு அதன் முக்கியமான வேலை வெள்ள வடிகால். பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கிற தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் இறங்கித்தான் முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. 2004 சுனாமியின்போது பல இடங்களில் உள்ளே புகுந்த அலையை இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பக் கடலுக்கே விட்டது. கரைக்கு மேற்கே இருந்த ஊர்கள் பலவும் பிழைத்ததற்கு அது ஒரு காரணம் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். சதுரங்கப்பட்டினத்து மாமா வீடு கால்வாய்க்கு மேற்கே. தண்ணீர் வாசல்வரை வரவில்லை.

2008இல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாயைக் கோதாவரி, கிருஷ்ணாவோடு சேர்த்துத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். அப்போது நான் இன்னும் வேலையில் இருந்தேன். இங்கே 1998இல் ஹூண்டாய் ஆலை உற்பத்தி தொடங்கியதிலிருந்து நம் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் எப்படிப் பெருகின என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு நம் பகுதிக் கார்கள் போகின்றன, பக்கத்திலேயே அந்தப் பழைய கால்வாய் கிடக்கிறது. இதைப் படகில் ஏற்றினால் என்ன என்று நண்பர்கள் டீக்கடையில் கேட்பார்கள். டிஸ்பாட்ச் ஆள் என்ற முறையில் என் பதில்: கார் அவசரச் சரக்கு, அது படகுக்கு ஆகாது. உப்பு, நெல், சிமெண்ட், நிலக்கரி மாதிரி மெதுவாகப் போனாலும் கெடாத சரக்குக்குத்தான் நீர்வழி. அதற்கும் முதலில் சாக்கடை நிற்க வேண்டும், தூர் எடுக்க வேண்டும், தாழ்வான பாலங்களை உயர்த்த வேண்டும். சென்னை நகரத்துக்குள் அது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. கோவளத்துக்குத் தெற்கே நடக்கலாம். அங்கே இன்றும் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு மேற்கே பாலத்தின் மேல் நின்று பார்த்தால் கரைமேடு நேராக வடக்கே போவது தெரியும். கயிறு இழுத்தவர்கள் நடந்த மேடு அதுதான்.

பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இருக்கிறது. காக்ரேனைப் பற்றிப் புத்தகத்தில் இருக்கிறது. 1877இல் மண் சுமந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கேயும் என் கண்ணில் படவில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுப் பேச்சாக இருப்பதுதான் மிச்சம், அதுவும் நம் வயதுக்காரர்களோடு சரி. மணிமங்கலம், படப்பை, சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உங்கள் வீட்டில் யாராவது தாது வருஷத்தில் பட்டணத்துக்குக் கால்வாய் வேலைக்குப் போனதாகக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்பதில்லை, ஏரிக்கரையில் காலை நடையில் பார்க்கும்போது சொன்னாலும் குறித்துக்கொள்வேன். எந்த ஊர், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள். இந்த மூன்றும் போதும். இதுவரை என் நோட்டில் ஒரே ஒரு வரி இருக்கிறது: மணிமங்கலம், நாலு பேர், இரண்டு பேர்.